துருப்பிடியாத ஆணி பிடித்துக்கொள்வது ஏன்?

கடற்காற்றுக்கும் இரும்புக்கும் உள்ள பகை மிகப் பழையது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி வழியாக, பெயரிலேயே மண்ணைத் தாங்கி நிற்கும் மண்கும்பானுக்குச் செல்வோர் அப்பகையின் வடுக்களை வீட்டுக்கு வீடு காணலாம். படலையின் பிணைச்சல் துருவேறி முனகும்; கிணற்றுக் கப்பியின் அச்சு தேய்ந்து மெலியும்; யன்னற் கம்பி அடியிலே பொருக்குப் பொருக்காக உதிரும். உப்பைச் சுமந்து வரும் காற்றும், அதனோடு வரும் மணலும் அங்கே இரும்பை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.

ஆதலால், தீவக மக்கள் இரும்பாணியைக் கைவிட்டு எவர்சில்வர் ஆணியை நாடுவதில் வியப்பொன்றுமில்லை. அடுக்களையிலே புளி போட்டு மினுக்க வேண்டிய பித்தளைச் செம்பின் இடத்தை எவர்சில்வர்ச் செம்பு பிடித்துக்கொண்டது போலவே, வள்ளத்திலும், நீர் இறைக்கும் இயந்திரத்திலும், கூரைமீது வைக்கும் சூரியத் தகட்டின் சட்டத்திலும் எவர்சில்வர் மரையாணி இடம்பிடித்து வருகின்றது. விலை சற்றுக் கூடினாலும் துருப்பிடிக்காது என்னும் உறுதி இருக்கின்றதல்லவா?

அவ்வுறுதி பொய்யன்று. ஆயினும் இந்த ஆணிக்கு வேறொரு குணம் உண்டு. கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்த புத்தம்புது ஆணி. துருவின் நிழல்கூட அதன்மேல் விழவில்லை. சுரையை மாட்டி ஸ்பானரால் முடுக்குகின்றோம். பாதி வழியிலே கை கனக்கின்றது. இன்னும் சற்று அழுத்துகின்றோம். "கிறீச்" என்றொரு ஓசை. அவ்வளவுதான்! சுரை முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. எண்ணெய் விட்டாலும் அசையாது. மேலும் முறுக்கினால் ஆணியின் தலை முறிந்து கையோடு வரும். துருவே பிடியாத ஆணி இப்படிப் பிடித்துக்கொள்வது ஏன் என்பதையும், அதனைத் தடுப்பது எவ்வாறு என்பதையும் இங்கே ஆராய்வோம்.

இரும்பின் வழி வேறு

சொற்களை முதலில் ஒழுங்கு செய்துகொள்வோம். ஆணியின் உடலைச் சுற்றிப் பாம்புபோல் ஓடும் வரையே மரை. மரை வெட்டிய ஆணி மரையாணி. கடையிலே 'போல்ட்டு' என்று கேட்டு வாங்குவது. அதனைப் பற்றிக்கொள்வது சுரை. கடைக்காரர் 'நட்டு' என்பார். தோடு அணியும் நம் பெண்களுக்கு இவை புதியனவல்ல. காதுத் தோட்டின் தண்டிலே மரையும், பின்புறத்திலே சுரையும் இருப்பதை அவர்கள் நாள்தோறும் கையாளுகின்றார்கள்.

இரும்பாணி பிடித்துக்கொள்வது முதுமையினால் வரும் நோய். இரும்பு, நீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து துருவாகின்றது. அத்துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆணிக்கும் சுரைக்கும் இடையேயுள்ள நுண்ணிய வெளியிலே துரு வீங்கி நிறைந்ததும் சுரை இறுகிவிடும். இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைத்தோ, சூடு காட்டியோ, மெல்லத் தட்டியோ பெரும்பாலும் கழற்றிவிடலாம்.

எவர்சில்வர் ஆணியின் வழி அதுவன்று. அது முடுக்கும் அந்தக் கணத்திலேயே பிடிக்கின்றது. இரும்பு காலத்தால் கெடுகின்றது. எவர்சில்வர் கையால் கெடுகின்றது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் எஞ்சியவை யாவும் தாமே விளங்கும்.

மேனியிலே ஒரு போர்வை

எவர்சில்வர் என்று நாம் அழைப்பதிலே வெள்ளி சிறிதும் இல்லை. அது கறையில்லாத உருக்கு. இங்கிலாந்திலே ஷெபீல்ட் நகரத்தில் ஹரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய் விரைவில் தேயாதிருக்க ஏற்ற உருக்கைத் தேடியபோது, 1913 ஆம் ஆண்டு குரோமியம் கலந்த உருக்கொன்றை வார்த்தார். அது எளிதிலே அரிக்கப்படவில்லை என்பதைக் கண்டார். அதற்கு முந்திய ஆண்டே ஜேர்மனியிலே குரூப் தொழிற்சாலையைச் சேர்ந்த அறிஞர்கள் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த உருக்குக்கு உரிமை பதிவு செய்திருந்தனர். இன்று நாம் உண்ணும் தட்டத்திலும் பெரும்பாலான எவர்சில்வர் ஆணிகளிலும் இருப்பது அவ்வினத்தைச் சேர்ந்த உருக்கே. நூறு பங்கில் ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் அதில் உள்ளன.

இவ்வுருக்கின் காவலாளி குரோமியமே. அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உலோகத்தின் மேனி முழுவதிலும் குரோமிய ஒட்சைட்டினாலான மெல்லிய போர்வையொன்றைப் போர்த்துவிடுகின்றது. எவ்வளவு மெல்லியது என்கிறீர்களா? ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுட் சில கூறுகளின் தடிப்பே இப்போர்வையின் தடிப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீரையும் காற்றையும் உள்ளே விடாது. கத்தியாற் கீறினாலும் காற்றுப் பட்டவுடன் கீறலின்மேல் புதிய போர்வை படர்ந்துவிடும். தானே ஆறும் தோல் போன்றது இது.

அத்தோல் ஆறுவதற்குக் காற்று வேண்டும். காற்றுப் புகாத இடத்திலே தோல் உரிந்தால் என்ன ஆகும்? சிக்கல் முளைப்பது அங்கேதான்.

நெருப்பில்லாத ஒட்டு

உராய்வு பற்றிக் கற்பிக்கும்போது மாணாக்கருக்கு நாம் முதலிற் சொல்வது, வழுவழுப்பு என்பது கண்ணின் மயக்கம் என்பதே. பளபளக்கும் உலோகமும் உருப்பெருக்கியிலே மேடும் பள்ளமுமாகத் தோன்றும். கருக்கு மட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை சில பற்களின் நுனிகளில் மாத்திரமே தொட்டுக்கொள்ளுமல்லவா? இரண்டு உலோகங்கள் தொடுவதும் அவ்வாறே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய பௌடன், டேபர் என்னும் இருவர் 1950 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதனை விரிவாக விளக்கினர். முழுப் பரப்பும் தொடுவதாகத் தோன்றினாலும், மெய்யாகத் தொடுவது மிகச் சிறிய பகுதியே. சுமை முழுவதும் அச்சிறு முனைகளின்மீது விழுகின்றது. அங்கே அழுத்தம் அளவு கடக்கின்றது. உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கின்றது.

சுரையை முடுக்கும்போது மரையின் முனைகள் இவ்வாறே அழுந்தித் தேய்கின்றன. போர்வை கிழிகின்றது. இறுகப் பொருந்திய மரைகளுக்கிடையே அது மீண்டும் வளரப் போதிய காற்று இல்லை. வெறும் உலோகமும் வெறும் உலோகமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. இரண்டும் ஒரே இனம். இடையே தடுக்க எதுவுமில்லை. நெருப்பில்லாமலே அவை ஒன்றாகி விடுகின்றன. நாம் மேலும் முறுக்கும்போது ஒட்டிய முனை ஒரு பக்கத்திலிருந்து பிய்ந்து மறு பக்கத்தில் கட்டியாக ஒட்டுகின்றது. அக்கட்டி அடுத்த மரையை உழுகின்றது, கட்டி பெருக்கின்றது. இறுதியில் ஆணியும் சுரையும் ஒரே துண்டாகின்றன. ஆங்கிலப் பொறியியலாளர் இதனைக் 'கோலிங்' என்பர்.

சாதாரண உருக்கைவிட எவர்சில்வருக்கு இது மிகுதியாக நேர்வதற்கு வேறு காரணங்களும் உள. அது மென்மையும் இழுவைத்தன்மையும் உடையது. ஆதலால் முனைகள் உடைந்து உதிராமல் இழுபட்டு அப்பிக்கொள்கின்றன. நசுங்க நசுங்க அது கடினமாகும் இயல்புடையது. ஆகவே அப்பிய கட்டி உளிபோல் உழுகின்றது. சாதாரண உருக்கு வெப்பத்தைக் கடத்தும் அளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே இது கடத்தும். உராய்விலே பிறந்த சூடு பிறந்த இடத்திலேயே தங்குகின்றது. சூடுபட்டால் இது சாதாரண உருக்கைவிடக் கூடுதலாக விரியவும் செய்யும். விரைந்து முடுக்குவோனிடம் ஆணி எளிதிலே பிடித்துக்கொள்வதன் மருமம் இதுவே.

அலுமினியமும் தைத்தேனியமும் இக்குணத்தை உடையனவே. 1989 ஆம் ஆண்டு வியாழனை நோக்கி ஏவப்பட்ட கலிலியோ விண்கலத்தின் வரலாறு இதற்கொரு சான்று. அதன் பெரிய வானலை வாங்கி குடைபோல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1991 ஏப்பிரிலில் அதனை விரிக்கக் கட்டளை அனுப்பினார்கள்; குடை முழுமையாக விரியவில்லை. கம்பிகள் சிலவற்றின் தைத்தேனிய முளைகள் தம் குழிகளிலே பிடித்துக்கொண்டன என்பது ஆராய்ந்தோர் கண்ட முடிவு. ஏவுதல் பின்போடப்பட்ட ஆண்டுகளிலே விண்கலம் பாரவண்டியில் நெடுந்தூரம் கொண்டு திரியப்பட்டது. அந்தக் குலுக்கலிலே முளைகளின்மேற் பூசிய உலர்ந்த மசகு தேய்ந்துபோயிற்றாம். சிறிய வானலை வாங்கியைக் கொண்டே அத்திட்டத்தை நிறைவேற்ற நேர்ந்தது. வானுலகக் கலத்துக்கும் மண்கும்பான் வள்ளத்துக்கும் உலோகத்தின் விதி ஒன்றுதான்.

கையை ஏமாற்றும் இறுக்கம்

ஓர் ஆணி பிடித்துப் போனால் அறுத்தெறிந்து விட்டு வேறொன்று மாட்டலாமே, இதற்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பாரும் உளர். ஆணியின் விலை பெரிதன்று. அது தாங்கும் பொருளும், அப்பொருளை நம்பிய மனிதருமே பெரிது.

ஆணியை முடுக்குவதன் நோக்கம் சுரையைச் சுழற்றுவதன்று. ஆணியை இழுத்து நீட்டுவதாகும். இழுபட்ட ஆணி இறப்பர்போலச் சுருங்க முயல்வதாலேயே இரண்டு பொருள்கள் இறுகச் சேர்ந்து நிற்கின்றன. ஆனால் ஸ்பானரில் நாம் செலுத்தும் வலுவில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பங்கு உராய்வை வெல்வதற்கே செலவாகின்றது. எஞ்சிய பத்துப் பங்கே ஆணியை இழுக்கின்றது. மரை பிடிக்கத் தொடங்கினால் அந்தப் பத்துப் பங்கும் உராய்வுக்கே போய்விடும். கை "இறுகிவிட்டது" என்று சொல்லும். உண்மையிலே ஆணி எதனையும் இறுக்கிப் பிடித்திராது.

வள்ளத்தின் பின்னணியத்திலே இயந்திரத்தைத் தாங்கும் ஆணி இப்படிப் பொய்யாக இறுகியிருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கரையிலே அசையாமல் நிற்கும். கடலிலே இயந்திரத்தின் அதிர்விலும் அலையின் அடியிலும் மெல்ல மெல்ல ஆட்டங் கொடுக்கும். வீட்டிலே காத்திருப்போருக்கு அது ஒரு சுரையின் கதையன்று.

நீர் இறைக்கும் இயந்திரத்தின் கதையும் அத்தகையதே. மண்கும்பான், சாட்டிப் பகுதியின் மணல் மழைநீரை வாங்கித் தன் அடியிலே நன்னீராகத் தேக்கி வைத்திருக்கின்றது. சுற்றிலும் உவர்நீர் சூழ்ந்த தீவிலே அந்நன்னீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரத்தின் உள்ளே தேய்ந்த உறுப்பொன்றை மாற்ற வேண்டிய நாளிலே, மூடியின் ஆணி கழல மறுத்துத் தலை முறிந்தால், ஒரு மணி நேர வேலை பல நாள் அலைச்சலாகும். ஆணியைத் துளைத்தெடுக்கும் கருவி பட்டினத்திலிருந்து வரவேண்டும். அதுவரை குடத்தோடு அலைய வேண்டும்.

இனி இத்தகைய ஆணிகள் தீவகத்துக்கு மேன்மேலும் வரவே செய்யும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வெயிலும் காற்றும் கலந்து மின் தரும் திட்டத்துக்கு, இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையைக் கொண்டு, 2024 மார்ச்சு 1 ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. வீட்டுக் கூரைகளிலும் சூரியத் தகடுகள் பெருகி வருகின்றன. கடற்கரையிலே அத்தகைய சட்டங்களைப் பொருத்த எவர்சில்வர் ஆணியே ஏற்றது. ஆகவே அதனைக் கையாளும் முறையை இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

தடுக்கும் வழிகள்

நோயின் காரணம் தெரிந்தால் மருந்தும் தெரிந்ததாகும். வெறும் உலோகங்கள் சந்திக்காமல் இடையே ஒன்றை வைத்தல், சூடு பிறவாமல் மெல்ல முடுக்குதல், மரையிலே தூசி மணல் இல்லாமற் செய்தல் ஆகிய மூன்றுமே தடுப்பின் அடிப்படை.

முதலாவது, மசகு. உலர்ந்த எவர்சில்வர் ஆணியிலே உலர்ந்த எவர்சில்வர்ச் சுரையை முடுக்கலாகாது. மரை இறுகாதிருக்கப் பூசும் பசைகள் கடைகளிலே 'அன்ரி-சீஸ்' என்னும் பெயரோடு விற்பனையாகின்றன. நிக்கல், செம்பு, மொலிப்டினம் இருசல்பைட்டு முதலியவற்றின் நுண்ணிய தூள் அவற்றிலே கலந்திருக்கும். எண்ணெய் பிதுங்கி வெளியேறினாலும் அத்தூள் மரைகளுக்கிடையே நின்று உலோகங்களைப் பிரித்து வைக்கும். உப்புநீர் படும் இடத்துக்கு நிக்கற் பசை விரும்பத்தக்கது. பசை கிடையாத வேளையில் நல்ல கிரீசாவது இடவேண்டும். ஒன்றுமே இடாமைக்கு அது எவ்வளவோ மேல். மரைமீது மாத்திரமன்றிச் சுரை வந்து அமரும் முகத்திலும் சிறிது பூசுதல் வேண்டும்.

மசகிட்டபின் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். உராய்வு குறைந்துவிட்டபடியால், முன்னைய வலுவையே செலுத்தினால் ஆணி அளவுக்கு மிஞ்சி இழுபட்டு முறியக்கூடும். ஆகவே கையின் வலுவையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தோடு வரும் கைந்நூலிலே அளவு தரப்பட்டிருப்பின், அது உலர்ந்த ஆணிக்கா, மசகிட்ட ஆணிக்கா என்று பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

இரண்டாவது, வேகம். சுரையை மின்விசையாற் படபடவென்று சுழற்றும் பொறிகள் வேலையைச் சுருக்குவன என்பது உண்மையே. ஆயினும் எவர்சில்வர் ஆணிக்கு அவை கூற்றுவன். விரைவு கூடச் சூடு கூடும்; சூடு கூட ஒட்டும் கூடும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இவ்வாணிக்கென்றே சொன்னாற்போல இருக்கின்றது. கையினால், நின்று நிதானித்து முடுக்குக. உள்ளே நைலோன் வளையம் வைத்த சுரைகள் தொடக்கமுதலே இறுக்கமாகச் சுழல்வன. அவற்றை முடுக்கும்போது இரட்டிப்பு நிதானம் வேண்டும். தேவைக்கு மேல் நீண்ட மரையுள்ள ஆணியை வாங்குவதும் நன்றன்று. சுரை எத்துணைத் தூரம் பயணஞ் செய்கின்றதோ அத்துணைத் தேய்வு உண்டாகும்.

மூன்றாவது, தூய்மை. மண்கும்பான் போன்ற இடங்களில் இதனையே முதலாவதாகச் சொல்லலாம். ஆணியை மணலிலே வைத்துவிட்டு எடுத்து முடுக்குவது, போர்வையைக் கிழிக்க நாமே முள்ளைக் கொடுப்பதாகும். ஒரு துணியிலோ தட்டத்திலோ ஆணிகளை வைத்தல் வேண்டும். மணல் பட்டதைத் தூரிகையாற் சுத்தம் செய்து, புதிதாக மசகிட்டே பயன்படுத்த வேண்டும். மரை நசுங்கிய ஆணியை மீண்டும் பயன்படுத்தலாகாது.

நான்காவது, நேர்மை. தோட்டுச் சுரையைக் கோணலாக மாட்டினால் மரை அழியும் என்பது சிறுமியருக்கும் தெரியும். அவ்விதி வள்ளத்து ஆணிக்கும் உரியதே. சுரை முதலிலே விரலால் மாத்திரம் எளிதாகச் சுழன்று செல்லவேண்டும். விரலுக்கு மறுத்தால், ஸ்பானரை எடுக்குமுன் காரணத்தைத் தேடவேண்டும். துளைகள் நேருக்கு நேர் வராதபோது ஆணியை முடுக்கியே பலகையை இழுத்து நேராக்குவோர் பலர். அந்தச் சுமை முழுவதும் மரையின் ஒரு பக்கத்திலே விழும். பலகையை முதலிற் கவ்வியாற் பிடித்து நேராக்கிய பின்னரே சுரையை முடுக்க வேண்டும்.

ஐந்தாவது, தெரிவு. ஆணியின் தலையிலே A2, A4 என்பன போன்ற குறிகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். A4 என்பதிலே மொலிப்டினமும் கலந்திருப்பதால் கடலுப்பை அது நன்கு தாங்கும். வள்ளத்துக்கும் கரையோர வேலைக்கும் உகந்தது. ஆனால் உப்பைத் தாங்குவது வேறு, மரை பிடியாதிருப்பது வேறு. A4 ஆணிக்கும் மசகு வேண்டும். ஆணியும் சுரையும் ஒரே வன்மை உடையனவாக இல்லாமற் சிறிது வேறுபட்டிருப்பின் ஒட்டுதல் குறையும். மெழுகு பூசிய சுரைகளும் விற்பனையாகின்றன. நுண்மரையைக் காட்டிலும் பருமரை பாதுகாப்பானது. நுண்மரையிலே சிறு தூசியும் பெரும் தடையாகும்.

பிடிக்கத் தொடங்கினால்

இத்தனை கவனத்துக்குப் பின்னும் சுரை கனக்கத் தொடங்கினால் செய்ய வேண்டியது என்ன? உடனே நிறுத்துவதுதான். "இன்னும் ஒரு சுற்று" என்னும் ஆசையே ஆணியைக் கொல்கின்றது. நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, கால் சுற்றுப் பின்னே, அரைக்கால் சுற்று முன்னே என மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். தொடக்க நிலையாயின் பெரும்பாலும் கழன்றுவிடும். கழன்ற ஆணியையும் சுரையையும் ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை மாட்டுக.

முற்றாகப் பிடித்துவிட்டதாயின் எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. துருவென்றால் எண்ணெய் ஊறும். ஒன்றான உலோகத்தினுள்ளே எண்ணெய் எங்ஙனம் புகும்? நீண்ட குழாயை ஸ்பானரிலே மாட்டி வலுவைப் பெருக்குவோர் ஆணியை முறிப்பதோடு தம் கையையும் காயப்படுத்திக்கொள்வர். சுரையை இரும்பறுக்கும் வாளாற் பக்கவாட்டில் அறுத்துப் பிளந்தெடுப்பதே முறை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும்.

வாங்கும் காசிலே அல்ல, மாட்டும் விதத்திலேயே எவர்சில்வரின் ஆயுள் இருக்கின்றது. அதன் தூய்மையே அதற்குப் பலம். அத்தூய்மையே அதற்குப் பலவீனமும். இரும்புக்கு ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பை இவ்வாணி கேட்பதில்லை. முடுக்கும் அந்த ஒரு நிமிடத்திலே சிறிது பசையும் சிறிது பொறுமையுமே கேட்கின்றது. வீட்டிலே ஆணிப் பெட்டி வைத்திருப்போர் அதற்குள்ளே ஒரு சிறு மசகுப் பசையையும் ஒரு பழைய பற்றூரிகையையும் இன்றே போட்டு வைப்பார்களாக. நீர் இறைக்கும் இயந்திரத்தைத் திறக்க வேண்டிய நாளிலே அவற்றின் பயன் தெரியும்.